நூலுக்கு ஏற்ற ஈரம்

கருமத்தம்பட்டி,
சித்திரை மாதம்.

அன்புள்ள மருமகள் அம்முணிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கப்பத்தாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உங்கம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு வரி எழுது.

உன் கடிதம் வந்தது. அனாட்டமி புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது, எலும்புப் பெயரும் நரம்புப் பெயரும் மண்டையில் நிற்கவில்லை, அனாட்டமியும் பிசியாலஜியும் சம்பந்தமில்லாத இரண்டு பாடமாகத் தெரிகிறது, எங்கே பிடித்துப் படிப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அரசு ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புத்தகத்து வரிசை எனக்கு வராது. கட்டிலில் படுத்திருந்தவர்களிடம் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன். உன்னிடம் கேட்க எனக்கும் ஒரு காரியம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

206 எலும்பில் ஆரம்பிக்காதே, கண்ணு. தண்ணீரில் ஆரம்பி. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறத்தாழ 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பெண்களுக்குக் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பதால் இது சற்றுக் குறையும். அந்த 42-இல் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே. மீதி 14 லிட்டரில், செல்களைச் சுற்றியுள்ள இடுக்குகளில் 11 லிட்டரும் ரத்தத்தின் நீர்ப்பகுதியாக 3 லிட்டரும் நிற்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீரில் பொட்டாசியம் கூடுதல், வெளியே இருப்பதில் சோடியம் கூடுதல். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் கணிசமான பங்கு செலவாகிறது. இதயம் துடிப்பதும், நரம்பில் செய்தி ஓடுவதும், நீ இப்போது கண்ணை அசைத்து இதைப் படிப்பதும் இந்த வித்தியாசத்தின் பலத்தில்தான்.

உன் தோலின் மேற்படலம் செத்துப்போன செல்களால் ஆனது. கண்ணின் மேல் கண்ணீர்ப் படலம். நுரையீரலின் உள்சுவரிலும் ஈரம். ஆக, உயிரோடிருக்கும் எந்தச் செல்லும் வெளிக்காற்றை நேராகத் தொடுவதில்லை. அவை எல்லாமே அந்த 14 லிட்டர் தண்ணீருக்குள் வாழ்கின்றன. இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த கிளாட் பெர்னார்ட் முதலில் தெளிவாகச் சொன்னார். வெளியே வெயிலோ பனியோ, இந்த உள்சூழல் மாறாமல் இருப்பதால்தான் உயிர் சுதந்திரமாக நடமாடுகிறது என்றார். பிறகு ஹார்வர்டில் வால்டர் கேனன் 1926-இல் இதற்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயர் வைத்தார். உன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் அரைப் பக்கத்தில் வருகிற அந்தச் சொல்தான் மற்ற அத்தியாயங்களுக்கெல்லாம் சாவி. இதைப் பிடித்துக்கொண்டால் அனாட்டமியும் பிசியாலஜியும் ஒரே பாடம் ஆகிவிடும்.

சமநிலை என்றதும் அசையாமல் நிற்பது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ தறிக்குடோன் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். நீளவாக்கு நூல் சுற்றிய பாவு பீமில் சங்கிலி சுற்றி வெயிட்டுத் தொங்கவிட்டிருக்கிறதே, எதற்காக? பாவு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அதன் இழுப்பு மட்டும் மாறக்கூடாது. நூல் ஓட ஓட பீம் இளைத்துவரும். உங்கப்பா வந்து வெயிட்டை நகர்த்தி வைப்பார். விட்டுவிட்டால் துணியில் நெருக்கம் மாறிப் பட்டை விழும். உடம்புக்குள் நடப்பதும் இதுதான். தண்ணீர், உப்பு, சர்க்கரை, காற்று, சூடு எல்லாம் வந்தும் போயும் கொண்டிருக்கின்றன. அளவு மட்டும் நிற்கிறது. அதற்கு அளந்து பார்க்க ஓரிடம், முடிவெடுக்க ஓரிடம், திருத்த ஓரிடம் வேண்டும். எந்த உறுப்பைப் படித்தாலும் இந்த மூன்றில் அது எது என்று கேள். அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் காரணமும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்.

கழுத்தில் நாடி பார்க்கிற இடத்தில் விரலை வை. அங்கேதான் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தின் சுவரில் பிரஷரை அளக்கும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. மூளைக்குப் போகும் வழியிலேயே அளக்கிறது பார்த்தாயா! குத்தவைத்து உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், பிரஷர் விழும். இந்த நுனிகள் ஓரிரு நொடிக்குள் சொல்லி, இதயத் துடிப்பைக் கூட்டிக் குழாய்களைச் சுருக்கிவிடும். வயதானவர்களுக்கும் உடம்பில் தண்ணீர் வற்றியவர்களுக்கும் இந்தத் திருத்தம் பிந்தும். உங்கப்பத்தாவுக்குக் கட்டிலைவிட்டு எழுந்தால் கிறுகிறுப்பது அதனால்தான்.

சர்க்கரையை எடுத்துக்கொள். சுமார் 5 லிட்டர் ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ், சாப்பிடாதிருக்கும் நேரத்தில், ஒரு தேக்கரண்டி அளவுதான், 4 அல்லது 5 கிராம். அரிசிம்பருப்பு சாதத்தை வயிறாரச் சாப்பிட்டால் அதைப்போலப் பல மடங்கு உள்ளே வருகிறது. வயிற்றுக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் கணையம் இன்சுலினை விட்டு அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்புகிறது. ராத்திரி நீ தூங்கும்போது அதே கணையம் குளுக்ககானை விட்டுக் கல்லீரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்குகிறது. எலும்பைக்கூட இந்தக் கண்ணோடு பார். உடம்பில் இருக்கும் சுமார் 1 கிலோ கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் குறைந்தால், தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நாலு சின்னச் சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ரத்தத்தின் அமில அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். முதலில் மூச்சு அதைத் திருத்தும், பிறகு நாள்கணக்கில் சிறுநீரகம் திருத்தும். சர்க்கரை மிதமிஞ்சி வந்து விழுந்த நோயாளி நெஞ்சு ஏறி இறங்க ஆழமாக மூச்சு வாங்குவதை நீ வார்டில் பார்ப்பாய். நுரையீரலில் கோளாறு என்று நினைத்துவிடாதே. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை மூச்சு வழியாக வெளியே தள்ள உடம்பு போராடுகிறது.

இவற்றையெல்லாம் புத்தகமே உனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கும். நான் நிறுத்திச் சொல்ல நினைப்பது சூட்டைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும். அவை நம் ஊர்ப் பாடம்.

உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டி நிற்கிறது. நடமாடி வேலை செய்கிற ஆள் மணிக்கு 250, 300 கிலோகலோரி சூட்டை உண்டாக்குகிறார். வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொள். 60 கிலோ உடம்பு ஒரு மணி நேரத்தில் 5 டிகிரி ஏறிவிடும், 42-ஐத் தொட்டுவிடும். 40-ஐத் தாண்டி மூளை தடுமாற ஆரம்பித்தாலே அது வெப்பவாதம், உயிருக்கு ஆபத்து. அப்படியென்றால் ஒவ்வொரு மணி நேரமும் நாம் சாவிலிருந்து தப்பிக்கொண்டிருக்கிறோம். தப்பிக்க வைப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அது ரத்தத்தின் சூட்டை அளந்து, தோலுக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டும், வியர்வையைத் திறந்துவிடும். தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு போய்விடும். கணக்குப் பார், மணிக்கு அரை லிட்டர் ஆவியானாலே போதும்.

ஆவியானால் என்ற சொல்லைக் கவனி. வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. சொட்டிக் கீழே விழுந்த வியர்வை தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோனதோடு சரி, சூட்டைத் துளிகூட எடுத்துப்போவதில்லை. 1774-இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் சில நண்பர்களோடு, தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிய உலர்ந்த அறைக்குள் போய்ச் சில நிமிஷம் நின்றார். பக்கத்தில் வைத்த முட்டையும் மாட்டிறைச்சியும் வெந்துபோயின. அவர் உடம்புச் சூடு ஏறக்குறைய அப்படியே இருந்தது. காற்று வறண்டிருந்ததால் வியர்வை வந்ததும் காய்ந்தது, அவர் பிழைத்தார். அதே அறையில் ஆவி நிறைந்திருந்தால் அதில் பாதிச் சூட்டைக்கூட அவரால் தாங்கியிருக்க முடியாது.

இனி நம் குடோனுக்குள் வா. பருத்தி நூல் ஈரத்தில் பலம் பெறும். பாவுக்குக் கஞ்சி ஏற்றியிருக்கிறோம். காற்று வறண்டால் கஞ்சி உதிரும், நூல் அறும், தறி நிற்கும், கூலி போகும். அதனால் ஜன்னலைச் சாத்துகிறோம், தரையில் தண்ணீர் தெளிக்கிறோம். பெரிய மில்களில் இதற்கென்றே ஈரம் ஊட்டும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மேலே சிமெண்ட் சீட்டுக் கூரை வெயிலை இறக்குகிறது, கீழே மோட்டார்கள் சூட்டைக் கக்குகின்றன. நூலுக்கு ஏற்ற ஈரம் ஆளுக்கு ஏற்றதாக இல்லை, அம்முணி. வியர்வை காய இடமில்லாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. சட்டையைப் பிழிந்து காயப்போடுகிற ஆளைப் பார்த்து, "நல்லா வேத்துக் கொட்டுது, ஒடம்பு சூடு எறங்கீரும்" என்று நம் சனம் சொல்லும். அது சரியில்லை. பிழிகிற அளவுக்கு வியர்வை தங்கியிருந்தால் சூடு உள்ளேயே இருக்கிறது என்றுதான் அர்த்தம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாசத்தில் கதவைத் திறந்து வைத்தால் எவ்வளவு ஆசுவாசமாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தக் காற்றைத்தான் நூலுக்காக வெளியே நிறுத்துகிறோம்.

சோமனூர் ஸ்டேஷனில் இறங்கி வருகிறார்களே, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தறி வேலைக்கு வரும் பிள்ளைகள், அவர்களை நினைத்துக்கொண்டு இதைப் படி. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், கூடுதலாக வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும். அட்ரினல் சுரப்பியின் அல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். முதல் வாரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது எதுவும் இல்லை. வந்த அன்றைக்கே பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிறுத்தினால் ஆபத்து அவனுக்குத்தான் முதலில் வரும். பத்து வருஷம் தறி ஓட்டியவர் தாங்குகிறாரே என்று அவனை ஒப்பிடுவது நியாயமில்லை.

அடுத்து சிறுநீரகம். எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான். இரண்டு கையையும் முதுகில், கடைசி விலா எலும்பை ஒட்டி வை. அங்கே வயிற்றறைக்குப் பின்னால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வலது பக்கம் கல்லீரல் இருப்பதால் அந்தச் சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 11 சென்டிமீட்டர் நீளம், 150 கிராமுக்கு முன்பின் எடை. இரண்டும் சேர்ந்தாலும் உடம்பின் எடையில் அரை சதவீதம் வராது. ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிஷத்துக்கு 1 லிட்டருக்குக் குறையாமல், இவற்றுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான். நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் 178-க்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நாம் கழிப்பது ஒன்று, ஒன்றரை லிட்டர்.

எதற்காக இத்தனையையும் வெளியே கொட்டித் திரும்ப அள்ள வேண்டும் என்று எனக்குப் படிக்கிற காலத்தில் தோன்றியது. வேண்டாததைத் தேடிப் பிடித்து வெளியே போடுவதென்றால், எது வேண்டாதது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மனுஷன் எதை எதையோ தின்கிறான். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, வேண்டியதை மட்டும் எண்ணி எண்ணித் திரும்ப எடுத்துக்கொண்டால், புதிதாக எது வந்தாலும் தானாகப் போய்விடும். இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும். ஒன்றிரண்டு சதவீத மாற்றத்தையே ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்து, பிட்யூட்டரி வழியாக ஏடிஎச் என்ற ஹார்மோனை விடும். சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், சிறுநீர் மஞ்சளாகி அடர்ந்துவிடும். ரத்தத்தைப்போல நாலு மடங்கு அடர்த்தி வரைதான் அதனால் முடியும். கழிவை வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டராவது போயாக வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் கழிவு உள்ளேயே தங்கும்.

சூடும் சிறுநீரகமும் மோதிக்கொள்ளும் இடத்தை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓய்வாக இருக்கையில் தோலுக்குப் போகும் ரத்தம் நிமிஷத்துக்கு அரை லிட்டர்கூட இருக்காது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை ஏறலாம். அவ்வளவு ரத்தம் எங்கிருந்து வரும்? குடலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் எடுத்துத்தான் கொடுக்கிறது. அதாவது ஒரு சமநிலையைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறது. ஒரு நாள் நடந்தால் பாதகமில்லை, ராத்திரி தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். தினம் தினம், வருஷக்கணக்கில் நடந்தால் நெஃப்ரான்கள் சேதமாகும். போன நெஃப்ரான் திரும்ப முளைக்காது. முக்கால் பங்கு போகிற வரைக்கும் ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவும் தெரியாது.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா கரும்புத் தோட்டங்களில், சர்க்கரையோ பிரஷரோ இல்லாத இளவயது ஆண்கள் கிட்னி போய் இறந்தார்கள். அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் நேரம் வகுத்துக் கொடுத்த பிறகு சேதம் குறைந்தது. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்து இப்படி ஒரு நோய் இருக்கிறது. அங்கே வெப்பத்தோடு குடிநீரின் தன்மை, பூச்சிமருந்து என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். நம் மாநிலத்தில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளங்களிலும் செங்கல் சூளைகளிலும் பல வருஷமாக அளந்துவருகிறார்கள். உப்பளத் தொழிலாளரில் ஏறக்குறைய 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்ததைக் கண்டார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதையும் அதே குழு 2016-லேயே எழுதியது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றார்கள். நல்லதுதான். ஆனால் மெல்ல மெல்லத் தேய்கிற சிறுநீரகம் எந்தக் கணக்கிலும் வராது.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விவகாரம் வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? கடனில் மூழ்கிய தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி விலை பேசினார்கள், அரசு விசாரணை போட்டது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஒரு சிறுநீரகம் போதும் என்று அவர்களிடம் சொல்லியிருப்பார்கள். மருத்துவமாகப் பார்த்தால் அதில் பாதி உண்மை. மீதியிருப்பது பெருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் முக்கால் பங்கு வரை செய்யும். ஏசி அறையில் உட்கார்ந்து, பசிக்குச் சாப்பிட்டு, வருஷத்துக்கொரு தடவை டெஸ்ட் எடுத்துக்கொள்கிறவருக்கு அது போதும். இரண்டு சிறுநீரகமே திணறும் குடோனுக்கு ஒன்றோடு திரும்பிப் போகிறவருக்கு அது போதுமா? செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்கக்கூடாது. தாகம் தெரியும்போதே உடம்பில் பற்றாக்குறை ஆரம்பித்திருக்கும். வயது ஆக ஆகத் தாக உணர்வே மங்கும். அதேசமயம் வியர்த்துக் கொட்டியவர் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாலும் தப்பு. ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே இறங்கிவிடும், தலைவலி, வாந்தி, குழப்பம், சில சமயம் வலிப்பு வரும். உப்பும் வேண்டும். சர்க்கரை கொஞ்சம் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோர்த்துத்தான் ஒரே வழியாக உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மஹாலனபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, சொந்தக்காரர்களையே ஊட்டச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். இன்றைக்கு நீ பிரிக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்கின்றன, ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அளவு மாற்றிக் கலக்கக்கூடாது. தினசரி வேலைக்கு நம் வீட்டு உப்புப் போட்ட மோரும் கம்மஞ்சோற்று நீராகாரமும் போதும். ஆனால் பிரஷர், இதயக்கோளாறு, கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதை ஒருபோதும் மறக்காதே.

தறியில் நிற்கும் ஆள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ, வியர்வை நின்றிருந்தாலும் வழிந்துகொண்டிருந்தாலும் வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள். 108-ஐக் கூப்பிடு. வண்டி வரும்வரை காத்திருக்காமல் வெளியே தூக்கி வந்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறு. நினைவில்லாதவர் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலில் மூளை தானே அளவை உயர்த்தி வைக்கிறது, இங்கே அளவு 37-இலேயே இருக்க உடம்பு தோற்றுப்போகிறது.

இனி என் காரியம். உங்கப்பா குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றவும் தறி பார்க்கவும் வெளியிலிருந்து வருகிற பெண்களை உனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி போன வாரம் நீர்க்கடுப்பு என்று என்னிடம் வந்தாள். காய்ச்சலும் முதுகு வலியும் இருந்தது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். "தண்ணி குடிக்கறதில்லையா கண்ணு?" என்று கேட்டேன். "குடிச்சா அடிக்கடி போகோணுமுங்க. எங்க போறதுங்க? ஊட்டுக்குள்ள வந்து கேக்கறதுக்குச் சங்கட்டமா இருக்குதுங்க" என்றாள். வெடியாலே எட்டு மணிக்கு வருகிறவள் பொழுதோட வீட்டுக்குப் போய்த்தான் சிறுநீர் கழிக்கிறாள். வேர்த்துக் கொட்டும் இடத்தில், வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு! உடம்பு தன்னால் ஆன திருத்தமெல்லாம் செய்கிறது. நாம் அதற்கு வழிவிடுவதில்லை. குடிதண்ணீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நம்முடையதுபோன்ற சின்னக் குடோன்கள் ஆள் கணக்கில் அதற்கு வெளியே நின்றுவிட்டன. சட்டம் கேட்காவிட்டால் என்ன, நாம் செய்யக்கூடாதா?

கூலி உயர்வுக்காகப் போராடிப் போராடி உங்கப்பா களைத்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். கெட்ட மனசில்லை அண்ணனுக்கு. அந்தப் பெண்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொன்னால் தங்கச்சி ஏதோ சொல்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். பெற்ற மகள் புத்தகத்தை விரித்து, இந்த 180 லிட்டர் கணக்கைச் சொன்னால் உட்கார்ந்து கேட்பார். லீவுக்கு வருகிறபோது மூன்று காரியம் அவரிடம் சொல். குடோனுக்குப் பின்னால் பெண்களுக்கென்று தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை ஒன்று. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை பத்து நிமிஷம் வேப்பமரத்தடியில் உட்கார அனுமதி, மோரோடு. கூரையில் சூடு வெளியேற ஒரு திறப்பு, வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சு. நூல் அறுபடுவது கொஞ்சம் கூடும்தான். அதை ஏற்றுக்கொள்ளச் சொல்.

செலவைப் பற்றி அவர் பேசினால், கழிப்பறைக்கான செங்கலும் சிமெண்டும் என் பென்ஷனில் வாங்கித் தருகிறேன் என்று சொல். வைகாசி லீவு முடிந்து நீ திரும்புவதற்குள் அஸ்திவாரமாவது தோண்டியிருக்க வேண்டும். உன்னை நம்பித்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தை.